17296: நான் பிழையாக எழுதிய ஓர் எண்

நீளமான பதிவு. கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வரலாறு, அத்தோடு நான் செய்த ஒரு பிழைக்கான திருத்தம். அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகள் வாசிப்பதாக இருந்தால் பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் இருக்கட்டும்.

போன கிழமை நான் இருக்கும் ஒரு வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு படம் வந்தது. பச்சை நிறப் பின்னணி, மங்கலாக ஒரு குவிமாடம், நடுவில் பெரிதாக 17296. கீழே இப்படி இருந்தது: "இந்த எண்ணின் இரகசியத்தைக் கண்டுபிடித்தவர் முஸ்லிம் விஞ்ஞானி தாபித் இப்னு குர்ரா. எழுநூறு வருடங்களுக்குப் பிறகு பிரான்ஸ் நாட்டு பெர்மா அதைத் திருடித் தன் பெயரில் போட்டுக்கொண்டார். பகிருங்கள்."

வாசித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த இரண்டு வசனங்களும் என்னுடையவை. ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலைக் கணித தினத்துச் சுவர்ப் பத்திரிகைக்கு நான் எழுதிக் கொடுத்து, கையெழுத்து அழகான ஒரு பிள்ளையைக் கொண்டு எழுதுவித்தவை. யாரோ போட்டோ எடுத்திருக்கிறார்கள், யாரோ அதைப் பச்சை நிறத்தில் மறுபடி செய்திருக்கிறார்கள். "பகிருங்கள்" மட்டும்தான் புதிது.

அந்த இரண்டு வசனங்களுக்குள் மூன்று பிழைகள் இருக்கின்றன. முதலாவதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, அப்போது தரம் 10 இல் இருந்த ஒரு மாணவி. பத்திரிகையை வாசித்துவிட்டு மெதுவாக வந்து, "சேர், தாபித் இப்னு குர்ரா முஸ்லிம் இல்லையாமே?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டு, "அப்துல்லாஹ், இப்னு என்றெல்லாம் பெயர் இருந்தால் பிறகு என்ன?" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பெயரை வைத்தா மார்க்கத்தைத் தீர்மானிப்பது? அன்றிரவு தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மற்ற இரண்டு பிழைகளும் வாசிக்க வாசிக்கத்தான் தெரிய வந்தன. பத்திரிகையைக் கழற்றினேன், ஆனால் போட்டோ வெளியே போயிருந்தது எனக்குத் தெரியாது.

சரி, முதலில் எண்ணைப் பார்ப்போம். திருடுகிற அளவுக்கு 17296 இல் அப்படி என்ன இருக்கிறது?

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றக் காரணிகளைக் கூட்டிப் பாருங்கள். 10 இற்கு 1 + 2 + 5 = 8. 12 இற்கு 1 + 2 + 3 + 4 + 6 = 16. 6 இற்கு 1 + 2 + 3 = 6, அதாவது அதே எண்ணே திரும்ப வருகிறது. 28 உம் அப்படித்தான். இவற்றுக்கு நிறைவான எண்கள் என்று பெயர். யூக்கிளிட் தன் ஒன்பதாம் புத்தகத்தின் கடைசித் தேற்றத்தில் இவற்றை ஆக்கும் வழியைக் கொடுத்திருக்கிறார்.

இப்போது 220 ஐ எடுங்கள். 1, 2, 4, 5, 10, 11, 20, 22, 44, 55, 110. கூட்டினால் 284. 284 இன் காரணிகள் 1, 2, 4, 71, 142. கூட்டினால் 220. ஒன்றின் காரணிகள் மற்றதை உண்டாக்குகின்றன. அரபியில் இவற்றுக்கு 'அல் அஃதாதுல் முதஹாப்பா' என்று பெயர். நாம் முஹப்பத் என்கிறோமே, அதே வேர்தான். ஒருவரை ஒருவர் நேசிக்கும் எண்கள், சுருக்கமாக நேச எண்கள். பைதகரஸிடம் நண்பன் என்றால் யார் என்று கேட்டதற்கு, "இன்னொரு நான்" என்று சொல்லி 220 ஐயும் 284 ஐயும் உதாரணம் காட்டினார் என்று இயாம்பிளிக்கஸ் என்ற பழைய ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். பைதகரஸ் காலமாகி எண்ணூறு வருடங்கள் அளவில் கழித்து எழுதியது, ஆகவே அதற்கேற்ற அளவோடு நம்பிக்கொள்ளுங்கள்.

கிரேக்கர்களிடம் இந்த ஒரு சோடிதான் இருந்தது.

17296 இன் காரணிகளைப் பார்ப்போம். அந்த எண் 16 × 23 × 47. முதலில் 1, 2, 4, 8, 16. கூட்டினால் 31. அந்த ஐந்தையும் 23 ஆல் பெருக்கினால் 23, 46, 92, 184, 368. கூட்டுத்தொகை 713. 47 ஆல் பெருக்கினால் 47, 94, 188, 376, 752. கூட்டுத்தொகை 1457. 23 × 47 = 1081, ஆகவே 1081, 2162, 4324, 8648. கூட்டுத்தொகை 16215. அடுத்தது 17296 தானே, அதை விட்டுவிட வேண்டும். எல்லாம் சேர்ந்து 31 + 713 + 1457 + 16215 = 18416.

இனி 18416. இது 16 × 1151. 1151 ஒரு முதன்மை எண். (நம்பாதீர்கள், 31 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பாருங்கள், அதற்கு மேல் தேவையில்லை.) காரணிகள் 1, 2, 4, 8, 16, பிறகு 1151, 2302, 4604, 9208. முதல் ஐந்தும் 31, மற்ற நான்கும் 17265. மொத்தம் 17296.

திரும்பி வந்துவிட்டது. கரும்பலகையில் இந்தக் கடைசி வரியை எழுதும்போது வகுப்பில் ஒரு சத்தம் வரும். கணிதம் படிப்பிக்கிறவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தம் அடிக்கடி கிடைப்பதில்லை.

இந்தச் சோடியைத் தேடி ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டு போனவர்கள் யாரும் இல்லை. கணிப்பான் இல்லாத காலத்தில் பதினேழாயிரம் எண்களுக்குக் காரணி பார்ப்பது நடக்கிற காரியமில்லை. ஒரு விதி இருந்தது. அந்த விதிதான் தாபித் இப்னு குர்ராவுடையது. அவருக்கு உரிய பெருமையை அங்கேதான் கொடுக்க வேண்டும்.

தாபித் பிறந்தது 836 இல், ஹர்ரானில். இன்றைய துருக்கியின் தென்கிழக்கில், சிரியா எல்லைக்கு அருகே இருக்கும் ஊர். தாய்மொழி சுரியானி. கிரேக்கமும் அரபியும் நன்றாகத் தெரியும். ஹர்ரானில் நாணயம் மாற்றும் தொழில் செய்துகொண்டிருந்தவர் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பனூ மூஸா சகோதரர்களில் மூத்தவரான முஹம்மத் இப்னு மூஸா பயணத்தில் அவரைச் சந்தித்து, அவருடைய அறிவைப் பார்த்து பக்தாதுக்குக் கூட்டிப் போனார். யூக்கிளிட், ஆர்க்கிமிடீஸ், அப்பொலோனியஸ் எல்லாம் அரபியில் நல்ல வடிவில் கிடைத்ததில் தாபித்தின் உழைப்பு பெரியது. கலீஃபா முஃததிதின் நெருங்கிய நண்பராக இருந்தார். 901 இல் பக்தாதில் காலமானார். கடைசி வரைக்கும் அவர் ஸாபிஈ. நட்சத்திரங்களைப் போற்றிய ஹர்ரானியரின் பழைய மதத்தைச் சேர்ந்தவர். அவருடைய மகன் ஸினான் பிற்காலத்தில் இஸ்லாத்தை ஏற்றார், தாபித் ஏற்கவில்லை.

இதை நான் சொன்னபோது ஓர் ஆசிரிய நண்பர், "அப்போ அவரை நாங்க எடுக்க ஏலாதா?" என்று கேட்டார். எடுக்கிறது, விடுகிறது என்று இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. வேறு மார்க்கத்தைச் சேர்ந்த ஒருவரின் திறமையைக் கண்டு, கூட்டி வந்து, வேலை கொடுத்து, கலீஃபாவின் சபையில் பக்கத்தில் உட்கார வைத்த ஒரு சமூகம் இருந்தது. அதைச் சொல்வது அவரை முஸ்லிமாக மாற்றி எழுதுவதைவிடப் பெரிய விஷயம் இல்லையா? நான் சுவர்ப் பத்திரிகையில் செய்தது, அந்தச் சமூகத்தின் ஒரு நல்ல குணத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பொய்ப் பெருமையை எழுதியது.

விதிக்கு வருவோம். நேச எண்களைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார் தாபித். நிறைவான எண்களைப் பற்றி யூக்கிளிடும் நிக்கோமாக்கஸும் பேசியிருக்கிறார்கள், நேச எண்களைப் பற்றி யாரும் நிறுவலோடு எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன் என்பது அவருடைய நோக்கம். அந்த விதியைத் தரம் 9 பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்.

3 இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள்: 3, 6, 12, 24, 48, 96, 192, 384. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறையுங்கள்: 2, 5, 11, 23, 47, 95, 191, 383. இப்போது 6, 12 என்ற அடுத்தடுத்த இரண்டை எடுங்கள். அவற்றின் கீழே 5, 11. இரண்டும் முதன்மை எண்கள். 6 ஐயும் 12 ஐயும் பெருக்கினால் 72, ஒன்று குறைத்தால் 71. அதுவும் முதன்மை எண். மூன்றும் முதன்மை எண்களாக இருந்தால் வேலை முடிந்தது. இரண்டாவது எண்ணான 12 ஐ 3 ஆல் வகுத்து 4 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4 × 5 × 11 = 220. 4 × 71 = 284.

அடுத்தது 12, 24. கீழே 11, 23. இரண்டும் முதன்மை எண்கள். 12 × 24 = 288, ஒன்று குறைத்தால் 287. பார்க்க முதன்மை எண் மாதிரி இருக்கும், ஆனால் 7 × 41. தவறிவிட்டது. அடுத்தது 24, 48. கீழே 23, 47. 24 × 48 = 1152, ஒன்று குறைத்தால் 1151. மூன்றும் முதன்மை. 48 ஐ 3 ஆல் வகுத்தால் 16. ஆகவே 16 × 23 × 47 உம் 16 × 1151 உம். நம்முடைய 17296 உம் 18416 உம் அப்படித்தான் பிறக்கின்றன.

ஏன் இது வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் இந்த எண்ணின் அழகு. 17296 இன் எல்லாக் காரணிகளையும், அந்த எண்ணையும் சேர்த்துக் கூட்டினால் 31 × 24 × 48 வரும். 31 என்பது 16 இன் காரணிகளின் கூட்டுத்தொகை, 24 என்பது 1 + 23, 48 என்பது 1 + 47. 18416 இற்கு 31 × 1152. ஆனால் 24 × 48 தானே 1152! ஆக இரண்டு எண்களுக்கும் மொத்தக் கூட்டுத்தொகை ஒன்றே, 35712. அந்த 35712 வேறொன்றுமில்லை, 17296 + 18416. மொத்தத்தில் இருந்து இதைக் கழித்தால் அது, அதைக் கழித்தால் இது.

இனி என் இரண்டாவது பிழை. இவ்வளவும் சொன்ன தாபித், தன் நூலில் 17296 என்ற எண்ணை எழுதவில்லை. விதியைச் சொல்லி நிறுவினார், இந்தச் சோடியைக் கணக்கிட்டுக் காட்டவில்லை. நெதர்லாந்து வரலாற்றாசிரியர் ஜான் ஹொகென்டைக் 1985 இல் ஒரு கட்டுரை எழுதினார். தாபித் விதியை அமைத்த முறையைப் பார்த்தால் இந்தச் சோடி அவருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. 220 இற்கு மட்டும் பொருந்தும் ஒரு விதிக்காக யாரும் ஒரு முழு நூல் எழுத மாட்டார்கள். ஆனால் இது ஊகம். நல்ல ஊகம், ஆனாலும் ஊகம். "கண்டுபிடித்தார்" என்று சுவரில் எழுத அது போதாது.

எண் தெளிவாக எழுதப்பட்டுக் கிடைப்பது நானூறு வருடங்கள் கழித்து, கமாலுத்தீன் அல் ஃபாரிஸியிடம். இவருடைய காலத்தைக் கவனியுங்கள். பிறந்தது 1267. மங்கோலியர் பக்தாதை அழித்தது 1258. "பக்தாத் விழுந்தது, நூல்கள் டைகிரிஸில் போடப்பட்டன, நம் அறிவு அத்தோடு முடிந்தது" என்று மேடைகளில் எத்தனை தரம் கேட்டிருப்போம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் பக்தாத் விழுந்து ஒன்பது வருடங்களுக்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளை, அதே மங்கோலியர் ஆண்ட பாரசீகத்தில் வளர்ந்து, குத்புத்தீன் ஷீராஸியிடம் படித்து, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை இருட்டறையில் வைத்து, ஒரு மழைத்துளிக்குள் ஒளி எப்படி வளைந்து வானவில் உண்டாகிறது என்று விளக்கினார். இப்னுல் ஹைதமின் ஒளியியல் நூலுக்கு அவர் எழுதிய பெரிய உரையில் அது இருக்கிறது. விழுந்தது ஒரு நகரம். படிப்பு வேறு ஊர்களுக்குப் போய்விட்டது.

அதே அல் ஃபாரிஸி நேச எண்களுக்கு ஒரு நூல் எழுதினார். 'தத்கிரத்துல் அஹ்பாப்', நண்பர்களுக்கான நினைவூட்டல் என்று பொருள். தாபித்தின் விதியை அப்படியே திருப்பிச் சொல்லவில்லை. அதை வேறு வழியில் நிறுவ முடியுமா என்று பார்த்தார். அதற்காக அடிப்படையில் இருந்து தொடங்கினார். ஒவ்வோர் எண்ணையும் முதன்மை எண்களின் பெருக்கமாகப் பிரிக்கலாம், அந்த முதன்மைக் காரணிகளை ஒவ்வொன்றாக, இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகச் சேர்த்தால் எல்லாக் காரணிகளும் கிடைக்கும் என்று காட்டினார். நான் மேலே 17296 இன் காரணிகளை நாலு கூட்டமாகப் பிரித்துக் கூட்டினேனே, அந்த முறையின் அடிப்படை அதுதான். இன்று தரம் 7 இல் பிள்ளைகள் முதன்மைக் காரணிகளின் பெருக்கமாக எழுதும்போது அது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். அந்தச் சின்ன விஷயத்தை ஒருவர் உட்கார்ந்து நிறுவ வேண்டியிருந்தது. இந்த நூலை எகிப்தில் பிறந்த அறிஞர் ருஷ்தி ராஷித் 1980களில் ஆராய்ந்து வெளிக்கொண்டு வந்தார். அதுவரை ஃபாரிஸி என்றால் வானவில்தான்.

ஃபாரிஸியின் காலத்திலேயே, முஸ்லிம் உலகின் மறு கோடியில், மராகிஷில் இப்னுல் பன்னா என்ற கணிதவியலாளர் இருந்தார். 1256 இல் பிறந்து 1321 இல் காலமானவர். அவரிடமும் 17296 உம் 18416 உம் இருக்கின்றன. பாரசீகத்தில் ஒருவர், மொரோக்கோவில் ஒருவர், இருவரிடமும் அதே சோடி. தாபித்தின் விதி கையில் இருக்கும் எவருக்கும் அது கிடைத்துவிடும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். "முதன்முதலில்" என்ற சொல்லை நான் இப்போது இந்த விஷயத்தில் பாவிப்பதில்லை.

இடையில் ஒரு வேடிக்கை. இந்த எண்களைச் சாதாரண சனங்களிடம் கொண்டு போனது கணிதவியலாளர்கள் இல்லை, தாயத்துக்காரர்கள். 220 ஐயும் 284 ஐயும் எழுதி இரண்டு பேர் ஆளுக்கொன்றாகச் சாப்பிட்டாலோ வைத்துக்கொண்டாலோ அவர்களுக்கிடையில் நேசம் உண்டாகும் என்று மந்திர நூல்களில் எழுதியிருந்தார்கள். அவற்றில் பேர்போனது 'காயத்துல் ஹகீம்'. இப்னு கல்தூன் தன் முகத்திமாவில், சூனியத்தையும் தாயத்தையும் பற்றிப் பேசும் பகுதியில், இந்த நேச எண்களைக் குறிப்பிடுகிறார். நம் ஊர்களிலும் இப்படிக் கட்டம் போட்டு எண் எழுதி வீட்டுக் கதவில் ஒட்டியதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். 17296 ஐத் தாயத்தில் எழுதியதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. அவ்வளவு பெரிய எண்ணைச் சாப்பிட முடியாது என்று விட்டிருப்பார்கள்.

மூன்றாவது பிழைதான் பெரியது. அது ஒரு மனிதர் மீது சுமத்திய குற்றம்.

பியர் டி பெர்மா பிரான்ஸின் துலூஸில் நீதித்துறையில் வேலை பார்த்தவர். கணிதம் அவருக்கு ஓய்வு நேர வேலை. 1636 இல் பாரிஸில் இருந்த மெர்சென் பாதிரியாருக்கு இந்தச் சோடியை அறிவித்தார். அந்தக் காலத்தில் கணிதச் சஞ்சிகைகள் இல்லை. மெர்சென்தான் எல்லாருக்கும் தபால்காரர் மாதிரி. ஒருவர் எழுதியதை இன்னொருவருக்கு அனுப்புவார். இரண்டு வருடங்கள் கழித்து, 1638 இல், டெக்கார்ட் அதே மெர்சென்னுக்கு அடுத்த சோடியை அனுப்பினார்: 9363584, 9437056. (மேலே உள்ள வரிசையில் 192, 384 ஐ எடுத்துப் பாருங்கள், 191, 383, 73727. அதிலிருந்து வருவதுதான்.) ஏறத்தாழ அதே காலத்தில் ஈரானில் முஹம்மத் பாகிர் யஸ்தி என்பவரும் இந்த மூன்றாவது சோடியைக் கொடுத்திருக்கிறார். பெர்மாவும் டெக்கார்டும் கண்ட விதி தாபித்தின் விதியேதான்.

அதே விதி, அதே எண். ஆகவே திருட்டு என்று நான் முடிவு கட்டினேன். ஆனால் பெர்மாவோ டெக்கார்டோ தாபித்தின் நூலைப் பார்த்ததற்கு ஓர் ஆதாரமும் இல்லை. ஐரோப்பா தாபித்தின் இந்த விதியை அறிந்தது 1852 இல், ஃப்ரான்ஸ் வோப்கே என்ற ஜெர்மன் அறிஞர் அரபுக் கையெழுத்துப் பிரதியில் இருந்து எடுத்து 'ஜேர்னல் ஆசியாட்டிக்' என்ற சஞ்சிகையில் எழுதியபோது. அதுவரை பெர்மாவின் பெயரில் இருந்த ஒன்றை, தாபித்துக்கு உரியது என்று எடுத்துச் சொன்னதும் ஓர் ஐரோப்பியர்தான். இன்று எந்தப் புத்தகத்திலும் அந்த விதி தாபித்தின் பெயரில்தான் இருக்கிறது.

விதி உண்மையாக இருந்தால், அதைத் தேடுகிற இரண்டு பேருக்கு இரண்டு தரம் அகப்படும். பாரசீகத்திலும் மராகிஷிலும் ஒரே சோடி கிடைத்தபோது ஒருவர் மற்றவரிடம் திருடினார் என்று நான் சொல்லவில்லையே? துலூஸில் கிடைத்தபோது மட்டும் ஏன் சொன்னேன்? அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, அது நல்ல பதில் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளையின் விடையும் பக்கத்துப் பிள்ளையின் விடையும் ஒன்றாக இருந்தால் உடனே "பார்த்து எழுதினாயா?" என்று கேட்கக் கூடாது என்று புதிய ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான்.

இன்னொரு விஷயம், பெருமை பேசும் நம் ஆட்களுக்கும் பெர்மாவின் ஆட்களுக்கும் சேர்த்தே. தாபித்தின் விதி எல்லா நேச எண்களையும் தருவதில்லை. 220 இற்கும் 17296 இற்கும் இடையில் ஆறு சோடிகளைத் தாண்டிப் போய்விடுகிறது. 1747 இல் தொடங்கி ஒயிலர் வேறு வழிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புதிய சோடிகளைக் கண்டார். அவரும் 1184, 1210 என்ற சோடியைத் தவற விட்டார். 220 இற்கு அடுத்ததாக உள்ள மிகச் சிறிய சோடி அது! பக்தாத், பாரசீகம், மராகிஷ், பாரிஸ், பேர்லின், எல்லா இடத்துப் பெரியவர்களின் கண்ணுக்கும் தப்பி, 1866 இல் இத்தாலியில் 16 வயதுப் பையன் ஒருவனிடம் அகப்பட்டது. பெயர் நிக்கோலோ பகனினி, வயலின் மேதையின் அதே பெயர். இன்று கணினிகள் நூறு கோடிக்கும் மேற்பட்ட சோடிகளைக் கண்டிருக்கின்றன. ஆனால் தாபித்தின் விதியில் இருந்து அந்த மூன்று சோடிகளுக்கு மேல் நான்காவது ஒன்று இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

வட்ஸ்அப் குழுமத்தில் நான் இப்படி எழுதினேன்: "அந்தப் படத்தில் உள்ள வசனம் நான் எழுதியது, அது பிழை. ஹர்ரானைச் சேர்ந்த ஸாபிஈ அறிஞர் தாபித் இப்னு குர்ரா பக்தாதில் விதியை நிறுவினார். அந்த விதியால் வரும் 17296, 18416 என்ற சோடி ஃபாரிஸியிடமும் இப்னுல் பன்னாவிடமும் இருக்கிறது. 1636 இல் பெர்மா தானாகவே அதை மறுபடி கண்டார் என்றுதான் தெரிகிறது." மூன்று பேர் நன்றி சொன்னார்கள். ஒருவர், "சேர், இவ்வளவு நீளமாகப் போட்டால் யார் பகிர்வது?" என்று கேட்டார். பழைய படம் அதற்குப் பிறகும் இரண்டு தரம் வந்தது.

அந்த மாணவி இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். பத்திரிகையைக் கழற்றிய அன்று அவளிடம் போய், "நீ சொன்னதுதான் சரி" என்று சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவளுக்கு வேறு கேள்வி இருந்தது. கொப்பியை நீட்டினாள். வரிசையை 3, 6 இலிருந்தே தொடங்கிப் பார்த்திருந்தாள். கீழே 2, 5. இரண்டும் முதன்மை எண்கள். 3 × 6 = 18, ஒன்று குறைத்தால் 17, அதுவும் முதன்மை எண். 6 ஐ 3 ஆல் வகுத்தால் 2. ஆகவே 2 × 2 × 5 = 20 உம் 2 × 17 = 34 உம் நேச எண்களாக இருக்க வேண்டும். 34 இற்கு 1 + 2 + 17 = 20, சரியாக வருகிறது. 20 இற்கு 1 + 2 + 4 + 5 + 10 = 22. வரவில்லை.

"விதி பிழையா சேர்?"

பிழையில்லை. தேற்றம் 6, 12 இலிருந்துதான் தொடங்குகிறது. 2 ஐப் புதிய முதன்மைக் காரணியாக எடுத்தால், முன்னால் ஏற்கனவே ஒரு 2 நிற்கிறது, அதோடு கலந்துவிடும். 3 × 3 × 6 = 54 என்று வர வேண்டிய கூட்டுத்தொகை, 7 × 6 = 42 ஆகச் சுருங்கிவிடும். குறைகிற 12 தான் 34 இற்கும் 22 இற்கும் உள்ள வித்தியாசம். அவள் அதைச் செய்து பார்த்துவிட்டு, 20, 34 என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் "ஒருதலை நேசம்" என்று எழுதிக்கொண்டு போனாள்.